கருவாடு காயும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள்

வீடாக மாற்றிய எங்கள் வண்டியில் படுத்துறங்கிய முதல் இரவை நாங்கள் எந்தக் கடற்கரையிலும் கழிக்கவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே கழித்தோம். வெளியூர் போய் அவதிப்படுவதற்கு முன் உள்ளூரிலேயே ஒருமுறை அவதிப்பட்டுப் பார்த்துவிடலாம் என்பது என் கணவரின் யோசனை. விடியற்காலையில் கோலம் போட வந்த எதிர்வீட்டு அம்மா, நாங்கள் இருவரும் வண்டிக்குள்ளிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வூட்ல எதுனா பிரச்சினையா?" என்று என்னிடம் மட்டும் தனியாகக் கேட்டார். பிரச்சினை வீட்டில் இல்லை, வண்டியில்தான் இருந்தது. தெரு பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் சாக்கடைப் பக்கம் சற்றே சரிந்திருந்ததால் இரவு முழுவதும் தலைப்பக்கம் தாழ்ந்து, காலையில் இருவருக்கும் தலை கனத்தது. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். தண்ணீர் பம்பு ஒவ்வொரு முறை ஓடும்போதும் படுக்கைப் பலகை அதிர்ந்தது. இவற்றை ஏதோ ஒரு முகத்துவாரத்தில் நள்ளிரவில் கண்டுபிடித்திருந்தால் மறுநாளே பயணத்தை முடித்துக்கொண்டிருப்போம். இப்போதெல்லாம் படுப்பதற்கு முன் ஒரு கிண்ணத்தில் பாதியளவு தண்ணீர் ஊற்றித் தரையில் வைக்கிறோம். தண்ணீர் எந்த விளிம்பை நோக்கி ஏறி நிற்கிறதோ, அந்தப் பக்கத்துச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றிவிட்டுத்தான் படுக்கிறோம்.

என் கணவர் காசிமேட்டில் 31 ஆண்டுகள் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தவர். நான் ராயபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எனக்குக் கோடை விடுமுறை வரும் நேரத்தில்தான் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முன்பு 45 நாளாக இருந்து பிறகு 61 நாளாகிவிட்ட அந்தக் காலத்தில்தான் படகுகள் வேலைக்கு நிற்கும், எஞ்சின்கள் பிரிக்கப்படும், அவருக்குச் சாப்பிடவும் நேரம் இருக்காது. கடலை ஒட்டியே வாழ்ந்தும் கடற்கரையோரமாக ஒரு பயணம் போனதில்லை என்ற குறை எங்கள் இருவருக்கும் நெடுநாளாக இருந்தது. அவர் 2021-இல் பட்டறையை மகனிடம் ஒப்படைத்ததும், ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி வீடாக மாற்றத் தொடங்கினோம். பழவேற்காட்டிலிருந்து மணப்பாடு வரை அந்த வண்டியில் பலமுறை போய் வந்திருக்கிறோம். வண்டியைக் கட்டுவதற்கு எங்களுக்கு ஐந்து மாதம் போதுமாக இருந்தது. அதை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆண்டுகள் பிடித்தன.

கட்டுமானத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடுவது நம் விருப்பம்போல் செய்துகொள்ளக்கூடிய காரியம் அன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி கேட்டு, மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் பலர் "அதெல்லாம் யாரு பாக்குறாங்க" என்பார்கள். விபத்து நேர்ந்த பிறகு காப்பீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள்.

மரவேலைக்குப் படகுகளில் போடும் மரைன் பிளைவுட்டையே போட்டார். திருகுகளில் அவர் காட்டிய பிடிவாதம் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. சாதாரண எவர்சில்வர் திருகு வேண்டாம், 316 ரகம்தான் வேண்டும் என்று கொத்தவால்சாவடிப் பக்கமும் பாரிமுனைப் பக்கமும் இரண்டு நாள் அலைந்தார். மூன்றாவது ஆண்டில் எங்களைப் பார்த்து வண்டி கட்டிய நண்பர் ஒருவரின் அலமாரிக் கீல்கள் துருவேறிப் பிடித்துக்கொண்டபோது எங்களுடையவை அப்படியே இருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த அலைச்சலின் பொருள் எனக்கு விளங்கியது. உப்புக்காற்று வெளிப்புறத்தைத்தான் தின்னும் என்று நினைக்கிறோம்; அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்து நிதானமாகத் தின்கிறது. பேட்டரி முனைகளில் வாசலின் தடவுவதும், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அடிச்சட்டத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவதும் எங்கள் வீட்டில் பல் துலக்குவதைப் போன்ற கடமைகள்.

தண்ணீர் விஷயத்தில் வடசென்னைப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று, இத்தனை குடத்தில் இத்தனை பேருக்கு இரண்டு நாள் என்று மனத்தில் கணக்குப் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சமையல், குடிநீர், பாத்திரம், முகம் கழுவல் எல்லாம் சேர்த்து இருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் குடம் போதும். குளிப்பதற்கு ஊர்க் குழாயோ கோயில் குளக்கரைக் கட்டணக் குளியலறையோ பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தொட்டி 80 லிட்டர் கொள்ளும். அதற்குமேல் வைத்தால் வண்டி கனத்து மணலில் புதையும். தொட்டி நிரம்பியிருக்கும்போது 80 கிலோ என்பதால் அதைப் பின்கோடியில் வைக்காமல் இரு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு தாழ்வாக வைக்க வேண்டும்.

மின்சாரத்தில்தான் ஏமாந்தோம். கடைக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, வீட்டு இன்வர்ட்டருக்குப் போடும் ஈய-அமில பேட்டரியை வாங்கினோம். மேலே கொள்ளளவு 150 ஆம்பியர் ஹவர் என்று எழுதியிருந்ததால் 150-ஐயும் செலவழிக்கலாம் என்று நினைத்துவிட்டோம். அந்த வகை பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரமே செத்துவிடும். எங்களுடையது எட்டாம் மாதத்தில் செத்தது. இப்போது 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியும், கூரைமேல் 200 வாட் சூரியத் தகடும் இருக்கின்றன. 12 வோல்ட் மின்விசிறி 2 ஆம்பியர் இழுக்கிறது, இரவு முழுவதும் ஒன்பது மணி நேரம் ஓடினால் 18 ஆம்பியர் ஹவர். சிறிய குளிர்பெட்டி ஒரு நாளைக்கு 30 அளவில். விளக்கும் கைபேசியும் 8. வெயில் அடிக்கும் நாளில் தகடு இதை ஈடுகட்டிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஈடுகட்டாது. அந்த மாதங்களில் குளிர்பெட்டியை அணைத்துவிட்டு ஊறுகாயையும் கருவாட்டையும் நம்புகிறோம்.

அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். படகின் அடிவயிற்றில் இப்படித் தேங்கிய ஆவியில் தீப்பிடித்ததை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் ஓட்டை ஒன்று இல்லாமல் வண்டிக்குள் அடுப்பே வைக்காதீர்கள்.

கழிப்பறையைப் பற்றிப் பயணக் குறிப்பு எழுதும் ஆண்கள் எழுதுவதில்லை. ஐம்பதைக் கடந்த ஒரு பெண் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொள்வாளா மாட்டாளா என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். மூடியுள்ள வாளி, உட்கார ஒரு பலகைச் சட்டம், ஒவ்வொரு முறையும் மேலே போட இரண்டு கை தென்னை நார்த்தூள்: இதுதான் எங்கள் ஏற்பாடு. நார்த்தூள் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் நாற்றம் வருவதில்லை. வாளியை அடுத்த ஊரில் பொதுக் கழிப்பறையில் கொட்டிக் கழுவுகிறோம். கழிமுகத்திலோ காட்டோரத்திலோ கொட்டியதில்லை. இதை முதல் நாளே நிபந்தனையாகச் சொல்லித்தான் நான் வண்டியில் ஏறினேன்.

இனி நிறுத்துமிடங்கள்.

எங்களுக்குக் காட்டுக் கடற்கரை என்பது எண்ணூரிலேயே தொடங்கிவிடுகிறது. இதைச் சொன்னால் தென்சென்னை உறவினர்கள் சிரிக்கிறார்கள். அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே, கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்தக் கழிமுகத்தில், இடுப்பளவு சேற்றுநீரில் உட்கார்ந்தபடி கைகளால் துழாவி இறால் பிடிப்பவர்களை இன்றும் காணலாம். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளையும் நீருக்கடியில் விட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு விரல்களால் பார்ப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி இந்தக் கழிமுகமே கறுத்தபோது, கூழைக்கடாக்களின் இறகுகளும் கறுத்தன. சில மாதங்கள் கழித்து நாங்கள் போனபோது பறவைகள் திரும்பியிருந்தன; கரையோரக் கற்களில் கறுப்புக் கோடு மட்டும் போகவில்லை. அங்கே இரவு தங்க நினைத்து வண்டியை ஓரங்கட்டியபோது, கரையில் இருந்த பெரியவர், "இங்க வாணாம் சார், விடியகாலைல வலை வண்டி வரும், திரும்ப எடம் இருக்காது" என்றார். பார்வைக்கு வெற்றிடம், அவருக்கு அது சாலை. அன்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்முனைதான் நம்முடையது. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த ஊர் என்பதற்கு அடையாளமாக அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக நிற்கிறது. நாங்கள் போனது பூநாரைகளுக்காக. அண்ணாமலைச்சேரிப் பக்கம் ஏரியோரமாகப் பாதை பிரியும் இடத்தில், வெயிலில் பாளம் பாளமாக வெடித்த வெள்ளைத் தரை தெரிந்தது. அதன் கோடியில் இளஞ்சிவப்பு வரி ஒன்று. இன்னும் நூறு அடி போனால் நன்றாகத் தெரியும் என்று நான்தான் சொன்னேன்; இதை மறைக்க விரும்பவில்லை.

அறுபது அடி தாண்டவில்லை. உப்புப் பொருக்குக்கு மேலே நடந்தால் காலடியில் அப்பளம்போல் நொறுங்கும். அடியில் கறுப்புக் களிம்பு. பின்சக்கரங்கள் இரண்டும் அச்சுவரை இறங்கின. புதைந்த வண்டியை ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளப்பப் பார்ப்பது குழியைத் தோண்டும் வேலைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தும், பதற்றத்தில் இரண்டு முறை கொடுத்துவிட்டார். ஜாக்கியை வைத்தால் ஜாக்கியே சேற்றில் இறங்கியது. அரை மணி நேரத்தில் ஏரித் தண்ணீர் வேறு மெல்ல நெருங்கி வந்தது. சென்னைப் பக்கத்தில் கடல் ஏற்றம் பெரிய அளவில் இருப்பதில்லை, நல்ல ஏற்றத்திலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் தட்டுபோன்ற ஏரித்தரையில் நான்கு விரற்கடை ஏறினால் ஒரு பர்லாங்கு தூரம் நனைந்துவிடுகிறது.

படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேர் வந்தார்கள். அவர்கள் முதலில் செய்தது எங்களைத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யச் சொன்னதுதான். அதன்பின் டயர்களில் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள். டயர் தட்டையாகி அகலமாகத் தரையைப் பிடித்தது. ஜாக்கிக்கு அடியில் எங்கள் வெட்டுப்பலகையை வைத்துத் தூக்கி, சக்கரத்தின் கீழே பனைமட்டைகளை அடுக்கி, முன்னால் வரக் கூடாது, வந்த தடத்திலேயே பின்னால்தான் போக வேண்டும் என்று சொல்லி, படகுக் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். அன்று முதல் எங்கள் வண்டியில் இரண்டு முழப் பலகை இரண்டும், இருபது பாகம் நைலான் கயிறும், டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்பும் உண்டு. தார்ச்சாலையை விட்டு இறங்குமுன் ஒருவர் இறங்கி நடந்து, கம்பால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சைகை காட்டுவோம். கம்பு ஒரு சாணுக்குமேல் தடையின்றி இறங்கினால் எவ்வளவு அழகான காட்சியானாலும் எங்களுக்கு அது வேண்டாம். மாட்டுத் தடம் இருக்கிறதா என்றும் பார்ப்போம், ஏனென்றால் மாடு வீணாகச் சேற்றில் கால் வைக்காது.

மீட்கப்பட்ட வண்டியைக் கரைமேட்டில் ஒரு சமதளத்தில் நிறுத்திவிட்டு, இனி இங்கேயே இரவைக் கழிக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். அப்போதுதான் அந்த அம்மா வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும், இடுப்பில் அன்னக்கூடை. "ஏம்மா, அது கருவாடு காயற எடம். உங்க வண்டி டீசல் ஒழுகினா என் மீன யாரு வாங்குவா?" என்றார். குரலில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது. வண்டிக்கடியில் குனிந்து பார்த்தேன். தரை முழுவதும் மீன்செதில்கள் அபிரகத் தூள்போல் மின்னிக்கொண்டிருந்தன, நான்தான் கவனிக்கவில்லை.

வண்டியை நகர்த்திவிட்டு அவரோடும் எங்களை மீட்டவர்களோடும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றி வரும். நாங்கள் வெறும் தண்ணீர் என்று பார்த்துக்கொண்டிருந்த பரப்பில் இன்றைய சொந்தக்காரர், நாளைய சொந்தக்காரர் என்று கண்ணுக்குத் தெரியாத வேலிகள் இருந்தன. எண்ணூர்ப் பெரியவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆளில்லாத கரையைத் தேடித்தான் நாங்கள் வண்டி கட்டினோம். அப்படி ஒரு கரை இருப்பதாக நினைத்தது பட்டணத்து நினைப்பு. அந்த நாளிலிருந்து சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஊருக்குள் போய், தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி, "ராத்திரி எங்க நிறுத்தினா யாருக்கும் இடைஞ்சல் இருக்காது?" என்று கேட்டுவிடுகிறோம். "இங்கே நிறுத்தலாமா?" என்று கேட்டால் மரியாதைக்காகச் சரி என்றுவிடுவார்கள். எங்கே என்று கேட்டால்தான் உண்மையான இடம் கிடைக்கிறது.

கேட்க முடியாதவர்களும் கரைக்குச் சொந்தக்காரர்களாக இருக்கிறார்கள். ஒரு மாசி மாத இரவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவர்கள் காட்டிய இடத்தில் நின்றிருந்தோம். வெளி விளக்கைப் போட்டுத் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் இளைஞர்கள் இருவர் டார்ச்சுகூட இல்லாமல் நடந்து வந்து, "அம்மா, விளக்க மட்டும் அணைச்சிடுங்க" என்றார்கள். பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனி வரை இந்தக் கரைகளில் ஏறி, ஒரு குழிக்கு நூற்றுச் சொச்சம் முட்டையிடும். ஏழு வாரம் அளவில் குஞ்சுகள் வெளிவந்து, எங்கே வெளிச்சம் அதிகமோ அதுதான் கடல் என்று நம்பி ஓடும். எங்கள் தோசைக்கல் வெளிச்சம் அவற்றுக்குக் கடலாகிவிடும். விடியற்காலையில் அவர்கள் காட்டிய தாய் ஆமையின் தடம், சிறிய டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போனதுபோல் இருந்தது. மணலில் வண்டி ஓட்டினால் விழும் சக்கரப் பள்ளத்தில் குஞ்சுகள் மாட்டிக்கொண்டு ஏற முடியாமல் தவிக்கும் என்றும் சொன்னார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை எங்கள் பக்கத்திலும் அந்த நாற்றம் இருந்தது. இப்போது எங்கள் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணித் திரை. கடல் தெரியும் தூரத்தில் நின்றால் வெளி விளக்கு கிடையாது. வண்டி மணலில் இறங்குவதும் கிடையாது.

கோடிக்கரைக்கு மூன்று முறை போயிருக்கிறோம், முதல்முறை தேர்ந்தெடுத்த மாதம் தவறு. பறவைகள் நவம்பரில் வந்துவிடும் என்று படித்துவிட்டு நவம்பரிலேயே போனோம்; வடகிழக்குப் பருவமழையும் அதே மாதத்தில் வரும் என்பதைப் பள்ளியில் இருபது ஆண்டு பாடம் நடத்திய நானே மறந்துபோனேன். வேதாரண்யத்துக்கு அப்பால் சாலையின் இருபுறமும் ஒரே தண்ணீர். ஜனவரி பாதிக்கு மேல், மழை ஓய்ந்து பறவைகளும் இருக்கும் காலமே சரியானது.

அந்தச் சரணாலயம் 1967-இல் வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்டது. 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இரவில் உள்ளே தங்க வண்டிக்கு அனுமதி இல்லை, கேட்பதும் நியாயமில்லை. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை ஒட்டி லாரிகள் நிற்கும் திடலில், ஓட்டுநர்கள் காட்டிய மூலையில் எங்கள் இரவுகள் கழிந்தன. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பள்ளிய மண் அது. லாரி ஓட்டுநர்களைப்போல் நல்ல அண்டை வீட்டார் கிடைப்பது அரிது: நேரத்தோடு படுப்பார்கள், யார் வண்டி என்று விசாரிப்பார்கள், விசாரித்தபின் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நள்ளிரவில் நரிகள் ஊளையிட்டபோது, பக்கத்து லாரியிலிருந்து ஒருவர், "பயப்படாதீங்கம்மா, தினமும் இந்நேரத்துக்குத்தான்" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி உறங்கிப்போனார்.

காலையில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருப்பதே எங்கள் முறை. இதற்கு என் கணவரைப் பழக்குவதற்குத்தான் எனக்குப் பாடு. இருபது நிமிடம் போனபின் வண்டியும் ஒரு புதராகிவிடுகிறது. ஏழெட்டுப் பெண்மான்கள் புல்வெளியைக் கடந்தன. பின்னால், முறுக்கிய கொம்பும் மேலே மைக்கறுப்பும் கீழே சுண்ணாம்பு வெள்ளையுமாக ஒரு கிடா வந்து, எங்களுக்கு முப்பதடி தூரத்தில் நின்று, தலையை மேலே தூக்கிக் கொம்புகளை முதுகில் சாய்த்துக்கொண்டு கால்மாற்றி நடந்தது. அதன் கண்ணுக்குக் கீழே இருந்த குழி விரிந்து சுருங்குவதுகூடத் தெரிந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மட்டக்குதிரைக் கூட்டம் ஒன்று சகதியைத் தெறிக்கவிட்டு வந்து காட்சியைக் கலைத்துவிட்டது. என்றோ வளர்க்கப்பட்டுக் காட்டில் விடப்பட்டவற்றின் சந்ததிகள் அவை. மானுக்கும் அவற்றுக்கும் ஒரே புல்லில் போட்டி.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்தில்தான் கரையேறியது. தலையிழந்த தென்னைகள் ஆண்டுகள் கழிந்தும் அங்கங்கே நின்றன. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. இந்தக் கரையில் வண்டியோடு திரிபவர்கள் ஐப்பசி முதல் மார்கழி வரை நாளுக்கு இருமுறை வானிலை அறிக்கை கேட்க வேண்டும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவருக்கு இது பழக்கம்தான், மற்றவர்கள் பழகிக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை வந்தால் அடுத்த உள்நாட்டு ஊருக்கு அப்போதே கிளம்பிவிடுவோம்.

தெற்கே போகப் போகத் தடைகள் கூடுகின்றன, அது நல்லதே. தனுஷ்கோடியில் மாலைக்குமேல் வண்டிகளை விடுவதில்லை; 1964 டிசம்பர் 22 இரவில் அந்த ஊருக்கு நேர்ந்ததைத் தெரிந்தவர் யாரும் அங்கே படுத்துறங்க ஆசைப்பட மாட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன; அனுமதியின்றிக் காலடி வைக்க முடியாது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அங்கே வண்டியின் பக்கவாட்டைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினோம். இரவு முழுவதும் தொட்டில்போல் ஆடியதோடு, மணல் அடித்துக் கதவுப் பெயின்ட்டும் மங்கிவிட்டது. படகை நிறுத்துவதுபோல் மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்த வேண்டும் என்பதை அவரே மறந்தது எனக்கு இன்றுவரை பேச்சில் உதவுகிறது. வண்டிக்குள் கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க வேறு அறை கிடையாது என்பதால், எங்கள் சண்டைகள் எல்லாம் சுருக்கமாகிவிட்டன.

மல்லிப்பட்டினத்தில் மனோரா கோபுரத்தை ஒட்டி நின்றபோது ஒரு மீனவர், வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட கதையைச் சொன்னார். கடற்பசு என்று பாடப் புத்தகத்தில் நான் நடத்தியதை அவர் ஆவுளியா என்று பக்கத்து வீட்டுக்காரர் பெயர்போல் சொன்னார். 2022 செப்டம்பரில் அந்தப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு அதற்கெனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் இரண்டு நாள் கரையில் உட்கார்ந்திருந்தும் ஒன்றையும் பார்க்கவில்லை. மணப்பாட்டுக்குப் போகும் வழியில் தேரிக்காட்டுச் செம்மண்ணில் பனையேறி ஒருவர், "அண்ணாச்சி, மரத்தடியில நிறுத்தாதீங்க, மட்டை விழும்" என்று எச்சரித்து, தம் ஓலைக்குடிசையான விடிலிப் பக்கமே நிறுத்தச் சொன்னார். விடிந்ததும் கலயத்திலிருந்து பதநீரை மடித்த ஓலையில் ஊற்றிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்ததால் அவர் மனைவியிடம் கருப்பட்டி இரண்டு கிலோ விலைக்கு வாங்கினோம்.

சென்ற தை மாதம் மறுபடி அண்ணாமலைச்சேரிக்குப் போனோம். தேநீர்க் கடையில் கேட்டபோது, கடைக்காரர் அந்த அம்மாவையே கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மகனின் படகு எஞ்சின் இரண்டு நாளாகக் கிளம்பவில்லையாம். என் கணவர் டீசல் வடிகட்டியைக் கழற்றி, தேங்கியிருந்த தண்ணீரை இறக்கி, குழாயில் சிக்கியிருந்த காற்றை (ஏர் லாக்) எடுத்து, முக்கால் மணி நேரத்தில் கிளப்பிக் கொடுத்தார். அந்த அம்மா எங்களை அழைத்துக்கொண்டுபோய், கருவாடு காயும் அதே சமதளத்தைக் காட்டினார். "இங்கயே படுங்க. அஞ்சு மணிக்கு மீனு வந்துடும், அதுக்குள்ள எடுத்துடணும்" என்றார். வண்டிக்கடியில் பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்துவிட்டுத்தான் நிறுத்தினோம். நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து கதவைத் திறந்தேன். இருட்டில், அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அவர் உட்கார்ந்திருந்தார்.